முதலில் அங்குலம், பிறகு அலங்காரம்: தெய்வ உருவத்தை டிஜிட்டலில் வரையத் தொடங்குவோருக்கு

ஆடிவேல் நெருங்கினால் போதும், கொழும்பில் வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் முருகன் படங்களால் நிறைந்துவிடும். ரப்லெட்டில் வரைந்தவை, ஏஐ போட்டுத் தந்தவை, பழைய கலண்டரை எடுத்து ஒளியேற்றியவை என்று பலவகை. தோகையில் ஒவ்வொரு கண்ணும் மின்னும், மேகம் பொன்னாய் உருகும். ஆனாலும் பார்க்கப் பார்க்க ஏதோ உறுத்தும். உடம்புக்குத் தலை பெரிதாக இருக்கும். இல்லாவிட்டால் பின்னிரு கைகள் முன்னிரு கைகளைவிடக் கட்டையாக இருக்கும். சிலதில் அபயம் காட்டுவது இடக்கை. தோகைக்கு மூன்று நாள் உட்கார்ந்தவர் உருவத்துக்கு அரை மணித்தியாலம்கூட ஒதுக்கவில்லை.

உருவத்தை நேராக நிறுத்த நம் சிற்பிகளிடம் ஒரு கணக்கு இருக்கிறது. அதற்குப் பெயர் தாலமானம். கல்லுக்கும் வெண்கலத்துக்கும் ஏற்பட்டதுதான் என்றாலும் பிக்சலுக்கு அது பொருந்துவதுபோல வேறெதுவும் பொருந்தாது, ஏனென்றால் அதுவும் சிறு கட்டங்களை எண்ணும் கணக்கே. கோவில் சிலைகள் மட்டுமல்ல, இந்த நாட்டுப் புத்தர் சிலைகளும் இதே வகைக் கணக்கில் எழுந்தவைதான். சிங்களச் சிற்பிகள் கையாண்ட சாரிபுத்ர என்ற நூல் முழுக்க இந்த அளவுகளைப் பற்றியதே.

தாலம், அங்குலம், யவம்

கையை விரித்தால் பெருவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனிவரை உள்ள நீளம் ஒரு தாலம். ஏறக்குறைய ஒரு சாண். உடம்பில் அதற்கு ஈடாக எடுப்பது முகத்தின் நீளம், அதாவது நெற்றியில் மயிர் தொடங்கும் கோட்டிலிருந்து நாடி வரை. ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 8 யவம், யவம் என்பது ஒரு வாற்கோதுமை மணி அகலம்.

இங்கேதான் புதியவர்கள் இடறுவது. அங்குலம் என்றதும் அடிமட்டத்தில் இருக்கும் இஞ்ச் ஞாபகத்துக்கு வரும். இது அது அல்ல. சிலையின் மொத்த உயரத்தை இத்தனை பங்காகப் பிரி என்று விதி சொல்கிறது, அதில் ஒரு பங்குதான் அந்தச் சிலைக்குரிய அங்குலம். உள்ளங்கை அளவு வெண்கலத்துக்கும் ஆளுயரக் கருங்கல்லுக்கும் பங்கு ஒன்றே, நீளம்தான் வேறு. ஆகவே கான்வஸ் எந்த அளவாக இருந்தாலும் கணக்கு மாறாது.

எத்தனை பங்கு என்பது யாரை வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. சிவன், திருமால், பிரமன் ஆகியோருக்கு உத்தம தச தாலம், 124 பங்கு. தேவியருக்கு மத்திம தச தாலம், 120. நவ தாலத்தில் 108. பிள்ளையாருக்குப் பஞ்ச தாலம், 60 மட்டும். பத்துத் தாலம் என்றால் 120 தானே, 124 எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். பத்துத் தாலத்திலேயே உத்தமம், மத்திமம், அதமம் என மூன்று படி உண்டு: 124, 120, 116. உத்தமத்தில் முகம் 12 அங்குலத்தில் நிற்காமல் பதின்மூன்றரைக்கு நீள்கிறது. நீண்ட உறுப்புகளெல்லாம் அதே விகிதத்தில் கூட நீள்கின்றன.

பிள்ளையாரை 124 பங்கில் வரைந்தால் என்ன ஆகும் என்று பார்க்க ஆசையிருந்தால் இன்ஸ்டாகிராமில் தேடுங்கள். ஆறு கட்டு வயிற்றோடு ஜிம்முக்குப் போன பிள்ளையார் வரிசையாக வருவார். யானைத் தலை வைத்த மனிதன், அவ்வளவுதான். அந்தக் குறுகிய கால், பெரிய வயிறு, தோளில் புதைந்த கழுத்து எல்லாம் 60 என்ற எண்ணிலிருந்து வருபவை.

கான்வஸில் கோடு போடுதல்

ஏ3 அளவில் 300 டிபிஐ (அச்சில் ஓர் இஞ்ச்சுக்கு 300 புள்ளி) என்றால் கான்வஸ் 3508 × 4961 பிக்சல். இதில் ஓர் அங்குலத்துக்கு 24 பிக்சல் எடுங்கள். 24 எட்டால் வகுபடும், எனவே ஒரு யவத்துக்குச் சரியாக 3 பிக்சல் வரும். அரைப் பிக்சல் தொல்லை கிடையாது. நின்ற சிவனுக்கு 124 × 24 = 2976 பிக்சல் உயரம். போனில் வரைபவர்களுக்கு ஏ3 பாரமாக இருக்கும். அவர்கள் 1754 × 2480 கான்வஸ் திறந்து அங்குலத்துக்கு 12 பிக்சல் வைத்து, கீழே வரும் பிக்சல் எண்களை எல்லாம் பாதியாக்கிக்கொள்ளலாம்.

உச்சந்தலைக்கான கோட்டை மேலிருந்து 1000ஆவது பிக்சலில் போடுங்கள். கிரீடம் தனிக் கணக்கு, 124க்குள் வராது. மேலே இடம் விடாமல் தொடங்குபவர்கள் கடைசியில் கிரீடத்தை நசுக்கி விடுவார்கள். அந்தக் கோட்டைப் பூச்சியமாக வைத்துக் கீழ்நோக்கி எண்ணினால்:

மயிர்க்கோடு 96
கண் கோடு 204
மூக்கு நுனி 312
நாடி 420
கழுத்தடிக் குழி 516
மார்பு 840
தொப்புள் 1164
இடுப்பின் அடி 1488
முழங்கால் மேல் விளிம்பு 2136
முழங்கால் கீழ் விளிம்பு 2232
கணுக்கால் 2880
பாதம் 2976

இந்த எண்கள் எப்படி வந்தன என்பதைக் கவனித்தால் மனப்பாடம் தேவையில்லை. உச்சி, கழுத்து, முழங்கால், பாதம் நான்கும் தலா 4 அங்குலம். முகம், கழுத்திலிருந்து மார்பு, மார்பிலிருந்து தொப்புள், தொப்புளிலிருந்து இடுப்பின் அடி நான்கும் தலா 13½. தொடை 27, கீழ்க்கால் 27, அதாவது முகத்தின் இரு மடங்கு. கூட்டினால் 124. இடுப்பின் அடி 1488இல் விழுகிறது, அது 2976இன் நேர் பாதி. முகமும் மூன்று சம பங்கு, ஒவ்வொன்றும் 108 பிக்சல்.

மத்திம தச தாலத்தில் 13½ இருக்கும் இடத்தில் 13, 27 இருக்கும் இடத்தில் 26 போடுங்கள். நவ தாலத்தில் 12, 24, மற்றும் 4க்குப் பதில் 3. இரண்டையும் கூட்டிப் பாருங்கள், 120உம் 108உம் பிசகாமல் வரும்.

கை அளவு உத்தம தச தாலத்தில் மேற்கை 27, முன்கை 21, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 13½. கழுத்தடிக் கோட்டிலிருந்து தொங்கவிட்டால் விரல் நுனி முழங்காலை நெருங்கிவிடும். ஆஜானுபாகு என்று புராணப் பிரசங்கத்தில் கேட்பது இந்தக் கணக்கைத்தான். மனித உடற்கூற்றுப் புத்தகத்தை வைத்து வரைபவர்களுக்கு இந்தக் கை நீளமாகப் படும், குறைத்துவிடுவார்கள். குறைத்ததும் அந்தக் கம்பீரம் போய்விடும். நான்கு கை வரையும்போது பின்னிரு கைகளுக்குத் தனி லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்றது) எடுத்து உடம்பு லேயருக்குக் கீழே வையுங்கள். அவற்றுக்கும் இதே 27, 21, 13½. பின்னால் இருப்பதால் சிறிதாகத் தெரியும் என்று எண்ணிக் குறைப்பதுதான் அந்தக் கட்டைக் கைக்குக் காரணம்.

கோடுகளைத் தனி லேயரில் போட்டு, ஒளிபுகா அளவை 30 வீதத்துக்கு இறக்கி, பூட்டி விடுங்கள். கிரிட்டா, ஐபிஸ் பெயிண்ட், புரோகிரியேட் என எந்த வரைசெயலியானாலும் இது ஒன்றுதான். கிரிட்டா இலவசம், மடிகணினியில் போதும்.

வளைந்து நிற்பவர்

மேலே சொன்னது நேராக நிற்கும் சமபங்கத்துக்கு. உச்சி, மூக்கு, தொப்புள், இரு குதிக்கால்களின் நடு எல்லாம் ஒரே செங்குத்துக் கோட்டில் விழும். இடுப்பு லேசாக ஒடிந்தால் ஆபங்கம், தலை, உடல், கால் மூன்றும் மாறி மாறிச் சாய்ந்தால் திரிபங்கம்.

வளைந்ததும் கிடைக்கோடுகள் பயன்படாது. இதை அறியாமல் முழங்கால் 2136இல்தான் இருக்கவேண்டும் என்று பிடிவாதமாக இழுத்தால் தொடை நீண்டுவிடும். மாறாதது எலும்பின் நீளம், கோட்டின் உயரம் அல்ல. நடராசரின் ஊன்றிய கால் மடங்கியிருப்பதால் மொத்த உயரம் குறையத்தான் வேண்டும்.

எளிய வழி இது. நேராக நிற்கும் குச்சி உருவத்தில் தொடை (648 பிக்சல்), கீழ்க்கால் (648), மேற்கை (648), முன்கை (504) ஒவ்வொன்றையும் தனி லேயரில் ஒற்றைக் கோடாகப் போடுங்கள். சுழற்றும் கருவியில் அச்சுப்புள்ளியை மூட்டுக்கு நகர்த்திவிட்டுச் சுழற்றுங்கள். முழங்காலும் முழங்கையும் மடங்கட்டும், நீளம் மாறாது. நிலை சரியென்று பட்ட பிறகே மேலே புது லேயரில் உடம்பை வரையவேண்டும். வரைந்து முடித்த காலை வெட்டிச் சுழற்றினால் ஒவ்வொரு சுழற்சிக்கும் ஓரம் மங்கும், நாலாவது தடவையில் பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்க நல்ல இடம் இருக்கிறது. 1877இல் திறந்த தேசிய நூதனசாலையில் பொலன்னறுவைச் சிவன் கோவில்களில் கிடைத்த வெண்கலங்கள் இருக்கின்றன. நடராசரின் முன் நின்று தூக்கிய காலின் தொடையையும் ஊன்றிய காலின் தொடையையும் பென்சிலை நீட்டி அளந்து பாருங்கள். அந்த வெண்கலங்களில் சுந்தரரும் இருக்கிறார். ஒரு சிறு ஒடிவு உடம்பு முழுவதையும் எப்படி மாற்றுகிறது என்பதை அவரிடம் கற்கலாம். ஸ்கெட்ச் புத்தகம் கொண்டுபோங்கள், படம் எடுக்கலாமா என்பதை வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வலமும் இடமும்

டிஜிட்டலுக்கே உரிய பிழை இது. கல்லில் இடவலம் மாற்ற முடியாது. கான்வஸை ஒரு தட்டில் கண்ணாடிப் பிம்பமாக்கலாம். பிழை பார்க்க அது நல்ல வழக்கம்தான், கண்ணுக்குப் பழகிய கோணல் உடனே தெரியும். பார்த்துவிட்டுத் திருப்ப மறந்தால் நடராசரின் உடுக்கை இடக்கைக்குப் போய்விடும், தீ வலக்கைக்கு வந்துவிடும், கால் மாறிவிடும். மதுரை வெள்ளியம்பலத்தில் அவர் கால் மாறி ஆடுகிறார் என்றால் அது அறிந்து வடித்தது. இது வெறும் மறதி.

திருமாலுக்கு இன்னும் சிக்கல். சங்கு, சக்கரம், கதை, தாமரை நான்கும் எந்தக் கையில் என்று மாற்றி மாற்றி வைத்தே கேசவன், நாராயணன், மாதவன் எனத் தொடங்கும் 24 வடிவங்களைப் பிரிக்கிறார்கள். ஒரு தடவை பிம்பமாக்கினால் பெயரே மாறிவிடலாம்.

வலம், இடம் என்று நூல் சொல்வது தெய்வத்தின் வலமும் இடமும். உங்கள் திரையில் இடப்பக்கம் தெரிவதுதான் அவருடைய வலக்கை. ஒரு தந்திரம் உண்டு. வரையத் தொடங்குமுன் பூட்டிய லேயர் ஒன்றில், திரையின் இடது மூலையில் பெரிதாக ‘வ’ என்றும் வலது மூலையில் ‘இ’ என்றும் எழுதிவிடுங்கள். கான்வஸ் புரண்டிருந்தால் எழுத்தும் புரண்டிருக்கும், பார்த்ததும் தெரியும். படத்தைச் சேமிக்கும் நேரத்தில் அந்த லேயரை மறைத்தால் போதும்.

நடராசருக்கு நினைவில் வைக்கவேண்டியவை: பின் வலக்கையில் உடுக்கை, பின் இடக்கையில் தீ, முன் வலக்கை அபயம், முன் இடக்கை குறுக்காக நீண்டு தூக்கிய இடக்காலைச் சுட்டும். வலக்கால் முயலகன் மேல். வலக்காதில் மகர குண்டலம், இடக்காதில் தோடு. சமச்சீர்க் கருவியைப் போட்டு வரைபவர்கள் இரு காதிலும் தோடு மாட்டி அம்மையப்பன் என்ற பொருளையே அழித்துவிடுவார்கள். அந்தக் கருவி பீடத்துக்கும் திருவாசிக்கும் தாமரை இதழுக்கும் மட்டும். முகத்துக்கு வேண்டுமானால் கோட்டு நிலையில் பயன்படுத்திவிட்டு நிறம் தீட்டும்போது அணைத்துவிடுங்கள். இரு பாதியும் அச்சாக ஒன்றாயிருக்கும் முகம் முகமூடி போல இருக்கும்.

ஏஐ படங்களை மாதிரியாக வைத்து வரைபவர்களுக்கும் இதையே சொல்லவேண்டும். ஒளிக்கும் நிறத்துக்கும் பாருங்கள். கைகளையும் ஆயுதங்களையும் அதில் நம்பாதீர்கள்.

நிறம்: பவளமும் நீறும்

சிவனை முழு நீலமாகத் தீட்டுவது பலருக்குக் கை வழக்கமாகிவிட்டது. தமிழில் அவருக்கு நீலம் கழுத்தில் மட்டும்தான். அப்பர் தேவாரம் ‘பவளம்போல் மேனியில் பால் வெண்ணீறு’ என்று நேரே நிறம் சொல்லிவிடுகிறது. அதே பாட்டில் குனித்த புருவம், கொவ்வைச் செவ்வாய், குமிண் சிரிப்பு, பனித்த சடை, எடுத்த பொற்பாதம் எல்லாம் வரிசையாக வருகின்றன. வடமொழியில் தியான சுலோகம் செய்யும் வேலை இதுதான்: மனத்தில் உருவை எழுப்ப ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லிக்கொண்டு போவது. ஓவியருக்கு இது லேயர் பட்டியல்.

எண்கள் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில். மேனிக்கு அடிநிறம் 200, 78, 58. நிழலுக்கு 120, 34, 34, கீழுள்ள நிறத்தை இருட்டாக்கும் மல்டிப்ளை லேயரில். விளக்கொளி படும் விளிம்புக்கு 255, 176, 96. இனி நீறு. வெள்ளையை எடுத்து லேயரின் ஒளிபுகா அளவைப் பாதியாக்கினால் பவளமும் வெள்ளையும் கலந்து ரோஸ் பவுடர் பூசியதுபோல் ஆகிவிடும். நீறு கலவை அல்ல, மணி மணியாக ஒட்டியிருக்கும் தூள். ஆகவே அளவைக் குறைக்காதீர்கள். சொரசொரப்பான உலர் தூரிகையில் 240, 236, 228 எடுத்து லேசாக இழுங்கள். தூளுக்கு இடையில் தோல் தெரியட்டும். நெற்றியில் மூன்று கோட்டின் ஓரங்களை அங்கங்கே அதே தூரிகை அழிப்பானால் தேய்த்துவிட்டால் பூசிச் சற்று நேரமான நீறு போலிருக்கும்.

பொன்னைப் பற்றி ஒரு வார்த்தை. பொன்னுக்கு நிறம் கிடையாது, முரண்தான் உண்டு. மஞ்சளைத் தேடி எடுத்து மென்மையாகத் தடவினால் கடுகு நிறப் பிளாஸ்டிக் கிடைக்கும். 84, 48, 14 என்ற இருட்டுப் பழுப்பைத் தாராளமாகப் போட்டு, 176, 124, 36 நடுநிறம், 232, 188, 84 வெளிச்சம், கடைசியில் 255, 244, 200 மிகச் சிறு புள்ளிகள். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே மெதுவான மாற்றம் வேண்டாம், அடுத்தடுத்து நிற்கட்டும். செட்டியார் தெரு நகைக்கடைக் கண்ணாடிக்குள் ஓர் அட்டியலை நெருங்கிப் பாருங்கள், பாதிக்கு மேல் பழுப்பும் கறுப்பும்தான்.

கற்பனைக்கு எங்கே இடம்

அளவும் கையும் ஆயுதமும் கட்டுப்பட்டவை என்றால் மீதி எல்லாம் உங்களுடையது. ஒளி எங்கிருந்து வருகிறது, என்ன நேரம், மழையா வெயிலா, பின்னால் மலையா கடலா என்பதை எந்த ஆகமமும் சொல்வதில்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோவிலின் கருங்கல் மண்டபத்தில் மாலைப் பூசைக்கு நின்றவர்களுக்குத் தெரியும், தீபம் கீழிருந்து எழும்பும்போது தூண் சிற்பத்தின் நிழல் மேல்நோக்கி விழும். கலண்டர் படங்களில் இது அநேகமாக வராது. அவற்றில் ஒளி எல்லாப் பக்கமும் சமமாக நிற்கும். ஒரே ஒரு விளக்கு, கீழே, சற்று இடப்பக்கம் என்று முடிவு செய்துவிட்டுத் தீட்டினாலே படம் வேறாகிவிடும்.

முதல் முழுப் படத்துக்கு எல்லோரும் எடுக்கும் நடராசரை விட்டுவிட்டு வருணனை எடுங்களேன். தொல்காப்பியம் நெய்தல் நிலத்துக்குச் சொன்ன தெய்வம் அவர், திசைகளில் மேற்குக்குக் காவலர். காலிமுகத்திடலில் மேற்கே பார்த்து நின்றால் எதிரே இருப்பது அவருடைய திசையும் அவருடைய நிலமும். வாகனம் மகரம், கையில் பாசம். பழகிய கலண்டர் முகம் இல்லாததால் காப்பியடிக்க வழியில்லை, யோசித்தே ஆகவேண்டும். பயிற்சிக்கு நவ தாலம் வைத்தால் எண்கள் முழு எண்களாக வரும்: முகம் 288 பிக்சல், தொடை 576, மொத்தம் 2592. சூரியன் அவருக்குப் பின்னால் இறங்குவதால் முகம் நிழலில் இருக்கும். விளிம்பில் ஒரு செம்பொன் கோடு, நிழலுக்குள் கடலிலிருந்து எதிரொளிக்கும் நீலம். மகரத்துக்கு யானைத் துதிக்கையும் முதலை வாயும் மீன் வாலும். கோவில் தோரணத்தில் இரு பக்கமும் வாய் பிளந்து நிற்பது அதுவே, நேரே பார்த்து வரையலாம்.

அச்சடிப்பதானால் ஒன்று. திரை ஆர்ஜிபி, அதாவது சிவப்பு, பச்சை, நீல ஒளி; அச்சு சிஎம்ஒய்கே, அதாவது நான்கு நிற மை. அந்தக் கொழுந்துவிடும் செம்மஞ்சளும் அடர்நீலமும் தாளில் மங்கித்தான் வரும், கடைக்காரரைக் கோபித்துப் பயனில்லை. இருட்டுப் படங்கள் இன்னும் இருண்டுவிடும். திரையின் பிரகாசத்தைப் பாதியாக்கி அப்போதும் நிழலுக்குள் விவரம் தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் நிழலை ஏற்றுங்கள். ஏ3 கொடுக்குமுன் ஏ4இல் ஒன்று எடுத்துப் பார்ப்பது மலிவு.

கருவிழியை மட்டும் கடைசிவரை வரையாமல் வையுங்கள். சிற்பிகளும் கண் திறப்பதைக் கடைசியில்தான் செய்கிறார்கள், அதற்குச் சடங்கே உண்டு. திரையிலும் அதற்குக் காரணம் இருக்கிறது. தலையின் சாய்வும் ஒளியும் முடிவான பிறகே பார்வை எங்கே விழவேண்டும் என்பது தெரியும். தனி லேயரில் இரண்டு கருவிழி, ஒவ்வொன்றையும் ஒரு யவம், அதாவது 3 பிக்சல், இடமும் வலமும் கீழும் நகர்த்திப் பாருங்கள். பார்வை உங்கள் மேல் வந்து விழும் இடத்தில் நிறுத்தி, மூலையில் ‘வ’ நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேமியுங்கள்.